கைப்பக்குவம் கடைக்கு வரும்போது



பாட்டியின் குளியல் பொடியைத் தொழிலாக்குவது எப்படி என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் ஈரோட்டுப் பக்கம் சிறிய அளவில் குளியல் பொடியும் சோப்பும் செய்து விற்கிறவள். செய்முறை எழுதிக்கொள்ள நோட்டும் பேனாவுமாகச் சிலர் உட்கார்ந்திருப்பது தெரிகிறது. பாசிப்பயறு இத்தனை, கஸ்தூரி மஞ்சள் இத்தனை என்று சொல்ல ஐந்து நிமிஷம் போதும். எந்த நாட்டு மருந்துக் கடையில் கேட்டாலும் கடைக்காரரே எடை போட்டு மடித்துக் கொடுத்துவிடுவார். நான் சொல்ல வந்தது வேறு. வீட்டில் ஒரு பொடி நன்றாக வேலை செய்கிறது என்றால், அதில் பாதி பொடியின் வேலை. மீதி, அதை இடித்தவரின் வேலை. கடைக்குப் பொடி வரும், இடித்த ஆள் வரமாட்டார். அவருடைய இடத்தை எதைக் கொண்டு நிரப்புவது? இந்தத் தொழிலின் சிக்கல் முழுக்க அங்கேதான் இருக்கிறது.

எங்கள் அம்மிச்சி, அதாவது அம்மாவைப் பெற்றவர், வெயில் ஏறத் தொடங்கும் மாசியில் பொடி இடிப்பார். ஆவாரம்பூவும் ரோஜா இதழும் நிழலில் காயும். பூலாங்கிழங்கும் கோரைக்கிழங்கும் வாசலில் வெயிலில் காயும். கிழங்கை எடுத்துச் சுளீரென்று ஒடித்துப் பார்ப்பார். வளைந்தால் இன்னொரு நாள். இடித்ததை வெள்ளைத் துணியில் சலித்து, கப்பியை மறுபடி உரலில் போடுவார். இதெல்லாம் எல்லார் வீட்டிலும் நடந்ததுதான். ஆனால் கொடுக்கும்போது நடந்ததைக் கவனியுங்கள். தோல் வறண்ட சித்திக்கு அதே பொடியில் பாலாடை குழைத்துக் கொடுப்பார். முகப்பரு வந்த பெண்ணுக்கு வேப்பிலைக் கொழுந்து சேரும். கைக்குழந்தைக்குப் பாசிப்பயற்று மாவைத் தவிர வேறெதுவும் கிடையாது. ஒரே உரலில் இடித்த பொடி, வீட்டில் எத்தனை பேரோ அத்தனை விதமாகப் போகும். மறுவாரம் கையைத் திருப்பிப் பார்த்து, “அரிக்குதா கண்ணு?” என்று கேட்பதும் அவரே. அரித்தால் அன்றோடு நிறுத்திவிடுவார்.

இப்போது நீங்கள் அந்தப் பொடியை டப்பாவில் அடைத்து, பெயர் வைத்து, பெங்களூரில் யாரோ ஒருவருக்கு அனுப்புகிறீர்கள். அவர் தோல் வறண்டதா, எண்ணெய் வழிவதா, வெயிலில் நிற்கிறவரா, ஏசியில் உட்காருகிறவரா, எதுவும் உங்களுக்குத் தெரியாது. அரித்தால் நிறுத்தச் சொல்ல பக்கத்தில் யாரும் இல்லை.

இது சும்மா தத்துவம் இல்லை. கார்போக அரிசியை எடுத்துக்கொள்ளுங்கள். பெயர்தான் அரிசி, கறுப்பாக, சிறுநீரக வடிவில் இருக்கும் ஒரு விதை. நாட்டு மருந்துக் கடையில் குளியல் பொடிக்கு மடித்துத் தரும் சரக்கில் இதுவும் இருக்கும். நல்ல மணம். சருமத்துக்கு நல்லது என்று நம் பெரியவர்கள் சேர்த்தார்கள், காரணத்தோடுதான். வெண்புள்ளிக்கு இந்த விதையைச் சித்தத்திலும் ஆயுர்வேதத்திலும் காலங்காலமாகக் கொடுத்து வந்திருக்கிறார்கள். அதில் சோராலென் என்ற பொருள் இருக்கிறது. அதைத் தோலில் பூசிக்கொண்டு வெயிலில் நின்றால் தோல் வெயிலை இயல்புக்கு மீறி வாங்கும், நிறமி தூண்டப்படும். அளவு மீறினால் தோல் சிவந்து கொப்பளிக்கும், கறுத்தும் போகும். ஆங்கில மருத்துவத்தில் சோராலெனையும் புற ஊதாக் கதிரையும் சேர்த்து வெண்புள்ளிக்கும் சோரியாசிஸுக்கும் சிகிச்சை தருகிறார்கள். எவ்வளவு மருந்து, எவ்வளவு நேரம் வெளிச்சம் என்று மருத்துவர் கணக்குப் பார்த்துத் தருகிற சிகிச்சை அது. எங்கள் வீட்டில் காட்டு வேலைக்குப் போகிறவர்கள் பொடியில் அம்மிச்சி கார்போக அரிசி சேர்க்க மாட்டார். ஏன் என்று கேட்டால், “வெயில்ல ஆகாது” என்பார். அவ்வளவுதான் விளக்கம். அந்த இரண்டு சொல் டப்பாவின் மேல் அச்சாகாவிட்டால், நீங்கள் விற்பது அவருடைய பொடி இல்லை.

இதே விதைக்கு இன்னொரு முகமும் உண்டு. இன்று உலகம் முழுக்க அழகுசாதனக் கடைகளில் பகுச்சியோல் என்று ஒரு பெயர் அடிபடுகிறது. ரெட்டினால் என்கிற, முகச் சுருக்கத்துக்குப் பூசும் பொருளுக்கு மாற்று என்று சின்னச் சின்னப் புட்டியில் பெரிய விலைக்கு விற்கிறார்கள். அது இந்தக் கார்போக அரிசியிலிருந்து பிரித்தெடுப்பதுதான். 44 பேரை வைத்து 12 வாரம் ஒப்பிட்டுப் பார்த்த ஓர் ஆய்வில், முகச் சுருக்கத்தைக் குறைப்பதில் ரெட்டினாலுக்குச் சளைக்கவில்லை, எரிச்சலும் குறைவு என்று தெரிந்தது. அதை விற்கிறவர்கள் செய்தது என்ன? விதையில் எது வேண்டும், எது வேண்டாம் என்று பிரித்து, சோராலெனை விலக்கி, வேண்டியதை எடைபோட்டு அரை சதவீதம் என்று நிறுத்திவிட்டார்கள். நம் சரக்குக்கு அவன் விலை வைத்துவிட்டான் என்று கோபப்படுவதில் அர்த்தமில்லை. அளந்து பார்த்தான், விற்கிறான்.

சரக்கு வாங்குகிற இடத்தில் இன்னும் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான பொடிகள் கெடுவது அங்கேதான். கஸ்தூரி மஞ்சளையே பாருங்கள். உண்மையான கஸ்தூரி மஞ்சள் கிழங்கு உள்ளே வெளிறிய சந்தன நிறம்; கற்பூரம் கலந்ததுபோல் ஒரு மணம்; தோலில் மஞ்சள் கறை பிடிக்காது. அதனால்தான் முகத்துக்கு அதைத் தேடினார்கள். ஆனால் சந்தையில் அந்தப் பெயரில் பளிச்சென்று மஞ்சளாக விற்பது பெரும்பாலும் மஞ்சக்கூவை என்று கேரளத்தில் சொல்லும் வேறு ஒரு கிழங்கு. விலை குறைவு, கிடைப்பது சுலபம். பொடியாக வாங்கினால் கண்டுபிடிக்கவே முடியாது. பொடியாக எதையும் வாங்காதீர்கள். கிழங்காக வாங்குங்கள், விரலால் கிள்ளுங்கள், முகருங்கள். ஒவ்வொரு மூட்டையிலும் ஒரு பிடி எடுத்துத் தேதி எழுதிக் கண்ணாடி சீசாவில் போட்டு வையுங்கள். நாளைக்கு ஒருவர் முகம் வீங்கிவிட்டது என்று போன் செய்தால் எந்த மூட்டை என்று உங்களால் சொல்ல முடிய வேண்டும்.

எங்கள் ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெருமைதான். ஆனால் மஞ்சளுக்குப் பளபளப்பு ஏற்றுகிறேன் என்று லெட் குரோமேட் பூசுகிற பழக்கம் நம் துணைக்கண்டத்தில் இருக்கிறது. வங்கதேசத்தில் ஆய்வாளர்கள் அதைக் கண்டு எழுதிய பிறகு அந்நாட்டு அரசே நடவடிக்கையில் இறங்கியது. காரீயம் கலந்த மஞ்சளை இயற்கை என்று முகத்துக்குக் கொடுத்தால் அது யார் வீட்டு ஞானம்? அழகுசாதனத்தில் காரீயம் பத்து லட்சத்தில் 20 பங்குக்கு மேல் போகக்கூடாது, ஆர்சனிக் 2 பங்குக்கு மேல் கூடாது என்று சட்டம் அளவு வைத்திருக்கிறது. நல்ல ஆய்வுக்கூடத்தில் கொடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். செலவு ஆகும்தான். பொட்டலத்தின் விலையில் அதைச் சேருங்கள்.

சோப்புக்கு வருகிறேன். இங்கே கைப்பக்குவம் என்ற பேச்சே எடுபடாது. எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் சேர்ந்தால் சோப்பு. ஒவ்வோர் எண்ணெய்க்கும் சோடா கணக்கு வேறு. ஒரு கிலோ தேங்காய் எண்ணெய் முழுதும் சோப்பாக மாற ஏறக்குறைய 183 கிராம் சோடா வேண்டும். நல்லெண்ணெய்க்கு 134 கிராம்தான். தேங்காய் எண்ணெய் விலை ஏறிவிட்டதே என்று பாதியை நல்லெண்ணெயாக மாற்றி, சோடாவைப் பழைய அளவிலேயே விட்டால், மிச்சச் சோடா சோப்பில் நிற்கும், தோலைப் புண்ணாக்கிவிடும். அதனால் கணக்கில் வருவதைவிட நூற்றுக்கு ஐந்து பங்கு சோடா குறைத்தே போடுவது வழக்கம். கொஞ்சம் எண்ணெய் மாறாமல் மிஞ்சினால் தோலுக்கு இதம். சோடாவைத் தண்ணீரில் கொட்டுங்கள், தண்ணீரைச் சோடாவில் கொட்டாதீர்கள். அலுமினியப் பாத்திரம் பக்கத்திலேயே வரக்கூடாது. ஊற்றி வெட்டிய கட்டிகள் நாலு முதல் ஆறு வாரம் காற்றாட அடுக்கில் இருக்க வேண்டும். அவசரப்பட்டு விற்றால் வாங்கியவர் வீட்டுச் சோப்புப் பெட்டியில் கொழகொழவென்று கரையும்; உங்கள் பெயரும் கூடக் கரையும்.

இன்னொரு செய்தி. குங்குமம் எப்படிச் செய்கிறோம்? மஞ்சளில் சுண்ணாம்புக் காரம் பட்டால் சிவக்கிறது. ஆரத்தி தட்டில் தினமும் பார்க்கிற வேதியியல் இது. சோப்பும் காரம்தான். நிஜ மஞ்சள் போட்டுச் செய்த சோப்பு ஆரஞ்சாகவோ செங்கல் நிறத்திலோ பழுப்பாகவோதான் வரும். எலுமிச்சைப் பழம்போல் மஞ்சளாக ஜொலிக்கிற ‘மஞ்சள் சோப்’ கடையில் இருந்தால், அதன் நிறம் வேறெங்கிருந்தோ வந்தது என்று அர்த்தம். அதேபோல் குப்பைமேனிச் சாற்றையும் துளசிச் சாற்றையும் சோடாவில் ஊற்றினால் அந்தக் காரத்தில் இலையின் குணம் எவ்வளவு மிஞ்சும் என்று யோசித்துப் பாருங்கள். குறைவுதான். மூலிகையை எண்ணெயில் காய்ச்சி இறக்கி, அந்த எண்ணெயைக் கடைசியில் சேர்க்கிறவர்கள் ஓரளவு காப்பாற்றுகிறார்கள். ‘பி.ஹெச். 5.5 உள்ள கைச்சோப்பு’ என்று யாராவது விற்றால் சிரித்துவிட்டு நகருங்கள். உண்மையான சோப்பு 9, 10 என்ற அளவில்தான் நிற்கும், 5.5-க்கு இறக்கினால் அது சோப்பாகவே இருக்காது. நல்ல சோப்பு என்றால் அழுக்கை எடுக்கும், தோலை இழுக்காது. அதைச் சொல்லி விற்றாலே போதும்.

நமக்கு முன்னால் இந்த வழியில் போனவர்கள் உண்டு. கேரளத்தில் இரிஞ்ஞாலக்குடாவைச் சேர்ந்த சி.ஆர். கேசவன் வைத்தியர் 1940-இல் சந்திரிகா சோப்பைத் தொடங்கினார். 1969-இல் சென்னையில், ரயில்வே மருத்துவராக இருந்த டாக்டர் வி.பி. சித்தன், தம் சோலயில் குடும்பத்து வைத்திய வழியை வைத்து வீட்டிலேயே மனைவியோடு சேர்ந்து கையால் செய்ததுதான் மெடிமிக்ஸ். 18 மூலிகை என்று இன்றும் உறையில் பார்க்கிறோம். அவர் எம்.பி.பி.எஸ். மருத்துவர் என்பதை மறந்துவிடக்கூடாது. ஒரு பக்கம் குடும்பத்து வைத்தியம், இன்னொரு பக்கம் தினமும் தோல் உபாதையோடு தம்மிடம் வந்து நிற்கும் தொழிலாளிகள். யாருக்காகச் செய்கிறோம், அது அவர்களுக்கு வேலை செய்கிறதா என்று இரண்டையும் கண்ணால் பார்க்கிற இடத்தில் அவர் இருந்தார். அம்மிச்சி இருந்த இடமும் அதுதான்.

நம் கடலூர்க் கதை வேறு மாதிரி. சின்னி கிருஷ்ணன் என்பவர் ஷாம்பூவைச் சின்னப் பொட்டலத்தில் அடைத்து விற்ற முன்னோடி. புட்டி வாங்க முடியாதவரும் ஒரு தடவை தலை குளிக்கட்டும் என்ற கணக்கு. அவர் மகன் சி.கே. ரங்கநாதன் குடும்பத் தொழிலிலிருந்து விலகி 1983-இல் 15,000 ரூபாயில் சிக் ஷாம்பூவைத் தொடங்கினார். அப்பா பெயரின் முதலெழுத்துகள்தான் ‘சிக்’ ஆயின. பிற்பாடு மீரா, கார்த்திகா என்று சிகைக்காய்ப் பொடியையும் பொட்டலத்தில் அடைத்தார்கள். சிகைக்காயும் அரப்பும் எல்லார் வீட்டிலும் இருந்தவை. அவர்கள் குடும்பத்துக்கு என்று தனி ரகசியம் ஒன்றும் இல்லை. அந்தக் குடும்பத்தில் வழிவழியாக வந்தது, எந்த அளவில் அடைத்தால் யார் வாங்குவார் என்கிற அறிவு. உங்கள் வீட்டிலும் பாட்டியைத் தவிர தாத்தாவிடம், மாமாவிடம் என்ன இருக்கிறது என்று பாருங்கள். சந்தைக்கு வண்டி கட்டிப் போனவர், கடன் கொடுத்து வாங்கத் தெரிந்தவர், ஆளைப் பார்த்தே பேரம் முடிக்கிறவர் இருப்பார். பொடியைவிட அது பெரிய முதல்.

ரகசியம் என்றேன். நம்மவர்களுக்கு இதில் ஒரு பயம் இருக்கிறது. ‘சொன்னால் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.’ 1995-இல் அமெரிக்காவில் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு, மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பதற்குக் காப்புரிமையே கொடுத்தார்கள். நம் அரசின் ஆய்வு அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர். மறுபரிசீலனை கேட்டு, பழைய சமஸ்கிருத, உருது நூல்களையும் ஆய்வுக் கட்டுரைகளையும் எடுத்துக் காட்டி, இது புதியதல்ல என்று நிறுவியது. 1997-இல் அந்தக் காப்புரிமை ரத்தானது. எல்லாரும் கை தட்டினோம். அந்த முடிவின் மறுபாதியையும் யோசிக்க வேண்டும். ஊர் முழுக்கத் தெரிந்ததற்கு எவரும் சொந்தம் கொண்டாட முடியாது என்றால், நானும் கொண்டாட முடியாது. என் அம்மிச்சியின் பொடி பக்கத்து வீட்டு ஆத்தாவின் பொடியும்தான். ‘எங்கள் பரம்பரை ரகசியம்’ என்று உறையில் போடுவது பெரும்பாலும் அலங்காரம். உங்களுடையது என்று நீங்கள் பதிந்துகொள்ளக்கூடியது பெயர், வர்த்தக முத்திரை. மற்றபடி, சென்ற தையில் வாங்கிய டப்பாவும் இந்தத் தையில் வாங்கியதும் ஒரே மணம், ஒரே நைசு என்று வாங்கியவர் சொன்னால் அது உங்களுடையது.

சட்டம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கேட்கச் சலிப்பாக இருக்கும், ஆனால் இதில் வழுக்கினவர்கள்தான் அதிகம். 1940-ஆம் வருஷத்து மருந்துகள், அழகுசாதனப் பொருள்கள் சட்டமும் 2020-இன் அழகுசாதன விதிகளும் உங்கள் சமையலறைக்கும் பொருந்தும். விற்பனைக்குச் செய்கிற சோப்புக்கும் பொடிக்கும் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம் வேண்டும். குடியிருக்கும் இடத்திலிருந்து பிரிந்த இடம், சுத்தமான தண்ணீர், மேற்பார்வைக்குத் தகுதியான ஆள் எல்லாம் காட்ட வேண்டும். அதற்கு வசதி இல்லை என்றால் இன்னொரு வழி இருக்கிறது: உரிமம் உள்ள ஒருவரது தொழிற்கூடத்தில் உங்கள் செய்முறைப்படி செய்து வாங்கிக்கொள்ள ‘லோன் லைசென்ஸ்’. தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். கடன் வாங்கிக் கட்டடம் கட்டுவதற்கு முன்னால் பொருள் ஓடுகிறதா என்று இதில் தெரிந்துவிடும். கட்டடம் கட்டும் நிலை வந்தால் மாவட்டத் தொழில் மையத்துக்குப் போங்கள். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் கிராமப்புறத்துப் பெண்களுக்குத் திட்டச் செலவில் 35 சதவீதம் வரை மானியம் உண்டு.

அடுத்தது, நீங்கள் விற்பது மருந்தா, அழகுசாதனமா? தோலைச் சுத்தமாக்கும், மணமாக்கும் என்றால் அழகுசாதனம். படை போகும், சொறி ஆறும் என்று சொன்ன நிமிஷமே அது மருந்து; சித்த மருந்து என்றால் வேறு துறை, வேறு உரிமம். விக்கோ நிறுவனத்தார் மஞ்சள் கிரீமை ஆயுர்வேத மருந்து என்றார்கள், கலால் துறை அழகுசாதனம் என்றது. வரி வித்தியாசம் அவ்வளவு. வழக்கு வருஷக்கணக்காக ஓடி உச்ச நீதிமன்றம் வரை போய்த்தான் நிறுவனம் வென்றது. அவர்களுக்கு வக்கீல் வைக்க வசதி இருந்தது. வெண்புள்ளியைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் போட்டால் மருந்து விளம்பரம் பற்றிய 1954-ஆம் வருஷத்துச் சட்டப்படி குற்றம், உரிமம் இருந்தாலும்கூட. வாட்ஸப்பில் போடுவதும் விளம்பரம்தான், தங்கை.

பணக் கணக்குக்கு வருவோம். நான் சொல்லும் எண்கள் கணக்குப் புரிவதற்காக. இன்றைய சந்தை விலை அல்ல. 100 கிராம் பொடி டப்பா ஒன்று. சரக்கு 30 ரூபாய். சுத்தம் செய்து காயவைத்துச் சலித்ததில் கழிவு 4. அரைப்பு 3. டப்பாவும் லேபிளும் 14. கூலி 15. ஆய்வு, உரிமப் பங்கு 6. உடைசல், திரும்பி வருவது 5. ஆக 77. அதற்கு 150 விலை வைத்துக் கடையில் கொடுத்தால் கடைக்காரர் 30 சதவீதம், 45 ரூபாய் எடுத்துக்கொள்வார். கைக்கு 105. மிச்சம் 28. வரி, லாரி வாடகை, மூன்று மாதக் கடனில் கொடுத்ததற்கு வட்டி எல்லாம் இந்த 28-க்குள். இப்போது கூலி என்று நான் எழுதிய 15-ஐப் பாருங்கள். பெரும்பாலான வீட்டுத் தொழில்களில் அந்த வரியே இருக்காது. ‘நாங்களே செய்கிறோம், கூலி என்ன?’ என்பார்கள். அம்மா காயவைப்பார், மாமியார் சலிப்பார், நாத்தனார் லேபிள் ஒட்டுவார். லாபம் என்று கையில் வருவது அவர்களுடைய கூலிதான். மாமியார் மூட்டு வலி என்று ஒரு மாசம் படுத்தால் தொழில் நஷ்டத்தில் ஓடியது அன்றைக்குத்தான் தெரியும்.

இதில் எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. டப்பாவின் மேல் பாட்டி படம். சுருக்கம் விழுந்த முகம், மூக்குத்தி, உரல். ‘எங்கள் பாட்டியின் அன்பு’ என்று கீழே எழுத்து. அந்தப் பாட்டிக்குத் தொழிலில் என்ன பங்கு என்று கேட்டால் பதில் வராது. உயிரோடு இருக்கிறவர் என்றால் அவர் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு, மாதாமாதம் ஒரு தொகை. வயசானவருக்குப் பணம் எதற்கு என்று கேட்காதீர்கள். பேரப்பிள்ளைக்குத் தன் கையால் ஐந்நூறு கொடுக்கிற சந்தோஷத்துக்குத்தான்.

பாட்டியின் பேரில் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வந்துவிடவும் கூடாது. நம் வீடுகளில் குங்குமப்பூவும் பாலும் யாருக்குக் கொடுத்தார்கள், எதற்குக் கொடுத்தார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். கறுப்பாகப் பிறந்த பெண்ணைத் தேய்த்துத் தேய்த்துக் குளிப்பாட்டியதும் அதே கைகள்தான். 2020-இல் பெரிய கம்பெனியே தன் கிரீமின் பெயரிலிருந்து வெளுப்பைக் குறிக்கும் சொல்லை எடுத்துவிட்டது. கை வைத்தியம் என்ற பெயரில் அதை நாம் பின்வாசல் வழியாகக் கொண்டுவர வேண்டாம். ‘நிறம் கூட்டும்’ என்று உங்கள் லேபிளில் இருந்தால் அதை அடித்துவிடுங்கள், விற்பனை குறைந்தாலும் சரி. பச்சைக் குழந்தைக்கு என்று பொடி விற்பதையும் நான் ஒப்பமாட்டேன். தொப்புள் காயாத குழந்தையின் மேல் தெருவில் காயவைத்த கிழங்குப் பொடி படக்கூடாது. இயற்கைதானே என்று சொல்கிறவர்களிடம் சேராங்கொட்டையைக் காட்டுங்கள். அதுவும் இயற்கைதான், அதன் சாறு பட்ட இடம் கொப்பளித்துவிடும்.

சோற்றுக் கற்றாழையைப் புட்டியில் அடைக்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டில் மடலைக் கீறி அப்போதே தடவினோம். மிச்சத்தைத் தூக்கி எறிந்தோம். தண்ணீர்ச் சத்து உள்ள எதுவும் சில நாளில் பூஞ்சை பிடிக்கும். கெடாமல் இருக்க ஏதாவது சேர்த்தே ஆக வேண்டும். சேர்த்துவிட்டுச் சேர்க்கவில்லை என்று சொல்வதுதான் பாவம். பொடியில் தொடங்குங்கள், எண்ணெயில் தொடங்குங்கள். ஈரம் இல்லாத பொருள் புதியவர்களை மன்னிக்கும். ஒரே ஒரு பொருள் போதும். சோப்பு, சீரம், லிப் பாம் என்று ஒரே தீபாவளிக்கு இருபது வகை இறக்கியவர்கள் அடுத்த தீபாவளிக்கு இருப்பதில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். சட்டப்படி உறையில் சேர்மானப் பட்டியல் போடத்தான் வேண்டும். அதைப் பொடி எழுத்தில் லத்தீன் பெயர்களாக மட்டும் போட்டுவிட்டு முன்பக்கம் பூ படம் போடாதீர்கள். பக்கத்திலேயே தமிழிலும் அச்சிடுங்கள்: பாசிப்பயறு, பூலாங்கிழங்கு, கிச்சிலிக்கிழங்கு, வெட்டிவேர், ஆவாரம்பூ. கார்போக அரிசி சேர்த்திருந்தால் அதையும் போட்டு, பூசிக்கொண்டு வெயிலில் போக வேண்டாம் என்று கீழே எழுதுங்கள். முதலில் முழங்கை மடிப்பில் கொஞ்சம் தடவி ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள், அரித்தால் நிறுத்திவிட்டு எங்களுக்குச் சொல்லுங்கள் என்று ஒரு வரி, எடுக்கிற ஆள் இருக்கிற ஒரு போன் எண்ணோடு. இதற்கு லேபிளில் இரண்டு அங்குல இடம் கூடுதலாகப் போகும். பாட்டி படத்தை எடுத்துவிட்டால் அந்த இடம் கிடைக்கும்.